டைனோசரைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் சரி

டைனோசர் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குக் கோபம் வரும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை. பிளாட்பாரக் கடையில் ரப்பர் டைனோசர் தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். என் தம்பி மகன் அந்தப் படம் போட்ட பனியனோடு வந்து பக்கத்தில் உட்காரும்போது, பாவம் அவன் என்ன செய்தான், ஆனாலும் ஒரு நிமிஷம் உள்ளுக்குள் சுர்ரென்று ஏறும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்து மண்ணாய்ப் போன பிராணி மேல் யாருக்காவது கோபம் வருமா? கோபம் அதன் மேல் இல்லை. எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் டீச்சர் மேல். அன்றைக்கு ஹாலில் சிரித்த அத்தனை பேர் மேலும். அந்த அத்தனை பேரில் நானும் ஒருத்தி என்பதால் என் மேலும்.

எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் லேத் வேலை. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மேல் வீட்டுக்காரர்கள் வேலூர், எதிர் வீடு தஞ்சாவூர், பக்கத்து வீடு சேலம். வீட்டுக்கு ஒரு பேச்சு. ஆனால் மெட்ராஸ் பேச்சு பேசுகிற வீடு எங்கள் வரிசையில் ஒன்றுகூடக் கிடையாது. அது காம்பவுண்டுக்கு வெளியே இருந்தது. கடைத்தெருவில் கேட்டுவிட்டு வந்து நான் ஒரு நாள் “இன்னாம்மா” என்று சொன்னதற்கு அம்மா கரண்டியால் கையில் ஒன்று வைத்தாள்.

எனக்கு டைனோசரைச் சொல்லிக்கொடுத்தவள் ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சு. வீடு பருத்திப்பட்டில், ஏரிக்குப் போகிற வழியில். அவளுடைய அத்தா பூந்தமல்லிக்காரர். அங்கே அண்ணன் தம்பிகளுக்குள் இடம் போதாமல் இங்கே வந்து மெயின் ரோட்டை ஒட்டிப் பழைய பேப்பர் கடை வைத்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. குவார்ட்டர்ஸிலிருந்தும் அதிகாரிகளின் பங்களாக்களிலிருந்தும் வருகிற பேப்பர், புத்தகம், பாட்டில் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். புத்தகங்கள் மூட்டையில் வந்தால் அவர் உடனே கட்டிவிட மாட்டார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிற வரைக்கும் ஓரமாக வைத்திருப்பார். அவளுக்கு வேண்டியதை அவள் எடுத்துக்கொண்ட பிறகுதான் சணல் கயிறு.

அப்படி அவள் எடுத்து வைத்துக்கொண்ட ஒன்றுதான் அந்தப் புத்தகம். ஆங்கிலக் கலைக்களஞ்சியம். இருபது இருபத்தைந்து தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு தொகுதி, டி எழுத்து மட்டும். அது வந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சனிக்கிழமை காலை. ஒரு ஜீப்பிலிருந்து அதிகாரியின் மனைவி இறங்கி வந்தார். வேற்று மாநிலத்துக்கு மாற்றல், வீடு காலி செய்கிறோம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். இரண்டு சாக்கு. தராசில் போட்டு விலை கொடுத்து அனுப்பினார் அவள் அத்தா. அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டுக்கூடப் போனார். நான் அங்கே இருந்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறந்த நாள் கிடையாது.

எங்களுடையது தமிழ் மீடியம். அந்தப் புத்தகத்தின் ஒரு வரி எனக்கு ஓடாது. அவளுக்கும்தான். ஆனால் அவள் விடவில்லை. அட்டை கிழிந்த அகராதி ஒன்றும் கடையிலேயே கிடைத்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, பென்சிலால் மேலே தமிழில் எழுதி, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தாள். டென்மார்க்கில் எத்தனை தீவு, டிப்தீரியா எப்படிப் பரவும், வைரம் எதனால் ஆனது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் திரும்பத் திரும்பப் போய் நின்றது டைனோசர் பக்கங்களில். மொத்தம் பதினாறு பக்கம், நடுவில் இரண்டு வண்ணப் படம். பதினாறையும் முடிக்க அவளுக்கு ஏழெட்டு மாதம் ஆனது. அதற்குள் அரைப்பரீட்சை வந்து போய்விட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் டைனோசர் என்ற பேரே தெரியாது. படங்களும் பொம்மைகளும் வந்ததெல்லாம் பிறகு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லுவாள், நாங்கள் ஐந்தாறு பேர் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்போம்.

“எல்லாமே பெருசுன்னு நினைக்காதீங்கடி. கோழி சைஸுக்கும் இருந்துக்கீது. பெருசா இருந்ததுல நெறய பேரு இலை தழைதான் துன்னுச்சு. ஆட்ட மாட்டத் துன்றதுன்னா அப்ப ஆடு மாடே கெடயாது.”

“மனுசனத் துன்னுமா?”

“மனுசனே இல்லன்றேன். அதுங்க எல்லாம் செத்துப் பூட்டு, ஆறு கோடி வருசத்துக்கு மேல ஆயிப் பூட்டு, அப்பறமாத்தான் மனுசன் வரான்.”

“எப்படிடி செத்துச்சு?”

“தெர்லடி. புக்குலயே தெர்லன்னுதான் போட்டுக்கீது. இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம்னு நாலு காரணம் எழுதிட்டு, யாருக்கும் நிச்சயமாத் தெரியாதுன்னு முடிச்சுட்டான்.”

அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடும். அச்சடித்த புத்தகமே தெரியாது என்று சொல்கிறது என்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்ததும் டைனோசர் செய்யலாம் என்று கேட்டது அவள்தான். டீச்சருக்கு அந்தப் பெயர் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. சரி, புதுசாக இருக்கும் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு வாரம் வேலை. மூங்கில் பிளாச்சு வளைத்துக் கட்டியது அவள் அத்தா. மேலே சாக்கு, அதன் மேல் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊறவைத்து ஏழு எட்டு அடுக்கு. முகத்துக்கு ஏரியில் நானும் அவளும் போய் எடுத்து வந்த களிமண். பத்தடி நீளம், நீளக் கழுத்து, தரையில் இழுபடுகிற வால். கழுத்துக்குள் கயிறு விட்டுப் பின்னால் நின்று இழுத்தால் தலை மேலேயும் கீழேயும் ஆடும். அதையும் அவளே யோசித்தாள். என் பங்கு பசை காய்ச்சியதும் மண் சுமந்ததும்தான். இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

முதல் சண்டை நிறத்தில் வந்தது. டீச்சர் பச்சை பூசச் சொன்னார்.

“என்னா கலருன்னு தெரியாது டீச்சர்” என்றாள் அவள். “எலும்புதான் கெடச்சுக்கீது. தோலு கலரு யாருக்கும் தெரியாதாம்.”

“பல்லி ஜாதிதானே. பச்சைதான்.”

“பல்லி பச்சையாவா கீது டீச்சர்?”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பச்சைதான் பூசினோம்.

இரண்டாவது சண்டை பெரியது. பின்னால் மாட்டுவதற்கு டீச்சர் ஒரு சார்ட் எழுதி வந்தார். ஆதிமனிதர்கள் ஈட்டியோடு டைனோசரைச் சூழ்ந்து நிற்கிற மாதிரி படம். கீழே கொட்டை எழுத்தில், மனிதன் வேட்டையாடியதால் டைனோசர் இனம் அழிந்தது. அவள் அதைப் படித்துவிட்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினாள். பென்சிலில் அவள் எழுதிய தமிழ் வரிக்கு வரி இருந்தது. டீச்சர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?”

“இல்ல டீச்சர், சார்ட்டு தப்பாக் கீது, நாளைக்கி யாராச்சும் கேட்டா...”

“கீது, கீது! முதல்ல தமிழை ஒழுங்காப் பேசக் கத்துக்கோ. அப்புறம் இங்கிலீஷ் புக்கைத் தூக்கிட்டு வா.”

அன்றைக்கு மாலையே முடிவு செய்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது நான். ஏனென்றால் எனக்கு இலக்கிய மன்றத்தில் பேசிப் பழக்கம், எழுத்துத் தமிழ் தடுக்காமல் வரும். அவள் பின்னால் திரைக்கு மறைவில் உட்கார்ந்து கயிறு இழுக்க வேண்டும். “வாயைத் திறக்கக் கூடாது, பள்ளிக்கூடத்து மானம் போயிடும்” என்று டீச்சர் அவளிடம் சொன்னது எல்லோர் முன்னாலும்தான்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரட்டைப் பின்னல், புது ரிப்பன், கையில் பிரம்பு. ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன்.

கண்காட்சி இரண்டு நாள். முதல் நாளே கூட்டம் எங்கள் டைனோசர் முன்னால்தான். காந்த ரயிலையும் எரிமலையையும் யாரும் சீண்டவில்லை. குவார்ட்டர்ஸ் குடும்பங்கள், கோவில்பதாகையிலிருந்து வந்த அக்கா தங்கைகள், ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றாமல் வந்த அப்பாக்கள். கேள்வி மேல் கேள்வி. இது நிஜமாகவே இருந்ததா, நீங்களாகச் செய்ததா? முட்டை போடுமா, குட்டி போடுமா? ஓணான்தான் இப்படி வளர்ந்ததா? இப்போதும் ஏதாவது காட்டில் ஒளிந்திருக்குமா? ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும்? ஓடுமா, நடக்குமா? இவ்வளவு பெரிய உடம்பு எப்படித் தூங்கும், படுத்தா நின்றா?

முதல் மூன்று நான்குக்கு மனப்பாடம் செய்த பதில் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. நான் திணறும்போது திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வரும். “முட்டை. மண்ணுல குழி பண்ணி.” “ஓணான் இல்லை, வேற ஜாதி.” நான் அதை வாங்கி எழுத்துத் தமிழில் மாற்றி வெளியே விடுவேன். “இவை மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டன.” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் எதிர் வீட்டுத் தஞ்சாவூர் மாமி, “எவ்வளவு அழகாச் சொல்றது பாரு குழந்தை” என்றாள்.

அப்பாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் வெகுநேரம் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். “ஏம்மா, இவ்வளவு நீளக் கழுத்து. மேல தலைக்கு ரத்தம் ஏறணும்னா உள்ள எத்தாம்பெரிய பம்ப் வேணும்? எப்படி ஏத்துச்சு?”

பின்னாலிருந்து உடனே வந்தது. “தெர்லன்னு சொல்லு. நல்ல கேள்வின்னு சொல்லு.”

நான் அப்படிச் சொல்லவில்லை. தெரியாது என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று, “அதற்கு மூன்று இதயங்கள் இருந்தன” என்று அடித்துவிட்டேன். அவர் திருப்தியாகப் போனார். கூட்டம் குறைந்ததும் அவள் திரையை விலக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “மூணு இதயமா? எங்கடி படிச்ச?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எங்கேயாவது போட்டிருக்கிறதோ என்று நினைத்துக் கேட்டாள்.

இரண்டாம் நாள் சிறப்பு விருந்தினர் வந்தார். பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்த ஒரு முதலாளி. வெள்ளை சட்டை, சந்தனம், பின்னால் பெரிய டீச்சரும் மற்ற டீச்சர்களும். எங்கள் முன்னால் வந்து நின்றார். நான் பேசினேன். தலை ஆடியது. கைதட்டினார்கள். அவர் சார்ட்டைப் பார்த்தார்.

“அப்ப நம்ம முன்னோர்கள் இதைக் கொன்னு சாப்பிட்டாங்களா?”

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சொன்னேன். “ஆம் ஐயா. ஆதிமனிதர்கள் கூட்டமாக வேட்டையாடியதால் இவ்வினம் அழிந்தது.”

“இல்ல சார், தப்பு.”

திரைக்குப் பின்னாலிருந்து. மெதுவாக இல்லை, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. டைனோசரின் தலை தொப்பென்று கீழே விழுந்து தொங்கியது. கயிற்றை விட்டுவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

“அப்ப மனுசனே கெடயாது சார். அதுங்க செத்து ஆறு கோடி வருசத்துக்கு அப்பால கீது நம்ம கணக்கு. எப்டி செத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. சார்ட்டுல போட்டுக்கீறது தப்பு.”

அந்த மனிதர் சிரித்தார். விஷயத்துக்காகச் சிரிக்கவில்லை. “எந்தப் பேட்டைம்மா நீ? டைனோசர் இன்னா சொல்லிச்சு, நான் போய்கினு கீறேன்னுச்சா?” என்று அவளைப் போலவே பேசிக் காட்டினார். பெரிய டீச்சர் சிரித்தார். டீச்சர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே பின்னால் பிள்ளைகள் வரைக்கும் போயிற்று. ஹாலே சிரித்தது.

நானும் சிரித்தேன். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. வாய் தானாகச் சிரித்தது. சிரித்துக்கொண்டே திரும்பியபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதலாளியை அல்ல, டீச்சரை அல்ல.

எங்கள் டைனோசருக்கு முதல் பரிசு. மைக்கில் என் பெயரை மட்டும் வாசித்தார்கள். ஒரு எவர்சில்வர் தட்டும் சான்றிதழும் கொடுத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிற கதை என்று விட்டிருப்பேன். டீச்சர் முடிக்க விடவில்லை. மறுநாள் அவள் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஸ்டாஃப் ரூமில் அவள் காட்டியபோது பார்க்காதவர், இப்போது முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். உள்ளட்டையில் வட்டமாக ஒரு நூலக முத்திரை, மங்கிப்போய். ஏதோ வெளி மாநிலத்து மன்றத்தின் நூலகம். அந்த அதிகாரி குடும்பம் எந்தக் காலத்திலோ எங்கேயோ வாங்கியதோ, கழித்துப் போட்டதை எடுத்து வந்ததோ, யாருக்குத் தெரியும். டீச்சருக்கு அது போதும். திருட்டுப் புத்தகம் என்றார். திருட்டு சாமான் வாங்குகிற கடை என்றார்.

அத்தாவை வரச் சொன்னார்கள். பெரிய டீச்சர் அறை வாசலில் அவரை நிற்கவைத்தே பேசினார்கள். அவர் கைலி மாற்றி, பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையில் தொப்பி. அந்த வராந்தா வழியாக மூன்று வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

“டீச்சரம்மா, ஆபீசரு ஊட்டம்மா ஜீப்புல வந்து அவங்க கையால கொடுத்தாங்க. நான் தராசுல போட்டு வாங்கினது. இருபது வருசமா இந்தத் தொழில் பண்றேன், ஒரு பொருளத் தப்பா வாங்கினது கெடயாது.”

“அதுக்கு யார் சாட்சி?”

அவர் சுற்றிப் பார்த்தார். வகுப்பிலிருந்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பரிசு வாங்கியவள் என்பதால் புத்தகம் பற்றி எனக்கும் தெரிந்திருக்கும் என்று. நான் கதவை ஒட்டி நின்றிருந்தேன். அவருக்கு என்னைப் பார்த்ததும் முகத்தில் தெம்பு வந்தது.

“இந்தா, இந்தப் பொண்ணு இருந்துச்சே! ஏம்மா, நீ அன்னிக்கிக் கடையிலதான இருந்த? சொல்லும்மா.”

சொன்னால் சனிக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் நான் சொல்லிவைத்திருந்தது இந்தி வகுப்பு. சொன்னால் டீச்சருக்கு எதிராகப் பேசின மாதிரி ஆகும். சொன்னால் அந்தச் சான்றிதழைக்கூடத் திரும்பக் கேட்டாலும் கேட்பார்கள். இதெல்லாம் அன்றைக்கு வரிசையாக யோசித்தேனா என்றால் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாது டீச்சர்.”

அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். டைனோசரின் நிறம் தெரியாது, எப்படிச் செத்தது தெரியாது என்று அவள் சொன்ன ஒவ்வொரு தெரியாதும் உண்மை. நான் என் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பொய் அந்த ஒற்றைத் தெரியாது.

அவள் அத்தா என்னைத் திட்டவில்லை. மகளின் தோளில் கை வைத்து, “டி.சி. குடுத்துடுங்க டீச்சரம்மா” என்றார். பெரிய டீச்சர்கூட ஒரு கணம் தயங்கி, எச்சரித்து விட்டுவிடுகிறோம், பொண்ணு படிக்கட்டும் என்றார். “திருடன்னு சொன்ன எடத்துல என் பொண்ணு உக்காராது” என்றார் அவர். ஒன்பதாம் வகுப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது. அவளைப் பூந்தமல்லிக்குப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நடுவருஷத்தில் எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவ்வளவுதான், படிப்பு நின்றது. இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

வீட்டில் விஷயம் அரசல்புரசலாகத் தெரிந்தபோது அம்மா, “ஏட்டி, நல்லவேளை நீ மாட்டிக்கிடல” என்றாள். அந்த நல்லவேளையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாவையும்தான்.

அதற்குப் பிறகு நான் பத்தாவதில் பள்ளி முதல். கல்லூரியில் விலங்கியல். வேறு எதுவும் எடுக்கத் தோன்றவில்லை. அங்கே பரிணாமப் பாடம் நடத்திய முதல் வாரத்தில் அந்தப் புத்தகம் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. வால் தரையில் இழுபட்டதாகப் போட்டிருந்த படம் பழைய எண்ணம், அவை வாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தன என்று இப்போது நினைக்கிறார்கள். மனிதன் பற்றி அவள் சொன்னது சரி. நிறம் பற்றிச் சொன்னது சரி. கழுத்துக்கு ரத்தம் ஏறுகிற விஷயத்தில் பெரிய பெரிய ஆட்களே இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று பேராசிரியர் சொன்னபோது, நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். பதினாலு வயதில், திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நல்ல கேள்வி என்று சொன்னவள் அவள். இந்த நாற்காலி அவளுடையது.

தொண்ணூறுகளின் நடுவில், பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது, அவளைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் ஒரு பெண் குழந்தை, தோளில் பை. முகம் மாறவே இல்லை. நான்தான் ஓடிப்போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பினாள். யார் என்று தெரிந்ததும் முகம் மூடிக்கொண்டது.

எப்படி இருக்கே, குழந்தைக்கு என்ன வயசு என்று ஆரம்பித்து, “அந்த டீச்சரை நினைச்சா இன்னைக்கும் எனக்குக் கோபம் வருது” என்று உளறினேன்.

“எனக்கு வர்ல” என்றாள். “அந்தம்மாவுக்குத் தெரியாது, அத்தொட்டு சொல்லிச்சு. சார்ட்டுலயும் தெரியாமத்தான் போட்டுது. உனுக்குத் தெரியும்.”

நான் அழுதேன். பஸ் ஸ்டாண்டில், அத்தனை கூட்டத்தில். மன்னிச்சிடுடி என்றேன்.

“அழாத. அழுதா மன்னிக்கணும்னு எதுனா கட்டாயமா?” குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “அத்தா அதுக்கப்புறம் புக்கே வாங்கறது இல்ல, தெர்யுமா? பேப்பரு, இரும்பு, பாட்டுலு. எவனாச்சும் புக்கு மூட்ட எத்தினு வந்தா வேணாம்னு அனுப்பிடுவாரு. சாவற வரைக்கும் அப்டித்தான்.”

அவர் இறந்துபோனதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். கையாட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் அறிவியல் டீச்சர்தான் இப்போது பெரிய டீச்சர். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். விலங்கியலா, பி.எட்.டா, இங்கேயே வேலைக்கு வந்துவிடு என்றார். டீ வரவழைத்தார். நான் டீயைத் தொடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்கினார்கள், நான் பார்த்தேன், அன்றைக்கு நான் பொய் சொன்னேன், அந்த மனிதரை நீங்கள் திருடன் என்றது அநியாயம்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

“எந்தப் பொண்ணும்மா?”

கண்காட்சி, டைனோசர், கயிறு இழுத்தவள், எல்லாம் சொன்னேன்.

“டைனோசர் ஞாபகம் இருக்கு. நீதானே அதைச் செஞ்சே? ரொம்ப நல்லாப் பேசினே.”

அப்போது எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எழுந்து நின்று கத்தினேன். என்ன சொன்னேன் என்பது பாதிக்கு மேல் ஞாபகமில்லை. நல்லாப் பேசினேன் என்கிறீர்களே, மூன்று இதயம் என்று ஒருவருக்குச் சொன்னேன், அது பொய் டீச்சர், எல்லாமே பொய், அவள் சொன்னது மட்டும்தான் உண்மை என்று கத்தியது ஞாபகம். பக்கத்து அறையிலிருந்து டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆயா வந்து கையைப் பிடித்தாள்.

“சரி விடும்மா. நடந்து எத்தனை வருஷம் ஆச்சு” என்றார் அவர். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

“அவள் பேரை எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன். “பேரையாவது எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர்.”

அவர் எழுதவில்லை. நானே மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, அங்கே கிடந்த வருகைப் பதிவேட்டின் அட்டையில் அவள் பேரைப் பெரிதாக எழுதினேன். கீழே அவளுடைய அத்தா பேரையும் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. ஆயா மட்டும், “போம்மா, போயிடு கண்ணு” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே என்னைக் கேட் வரைக்கும் கொண்டு வந்து விட்டாள்.

மனசு லேசாகிவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். ஆகவில்லை. வெயிலில் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். ரயில் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன்.